கிளாரா லேக் இறந்த ஆண்டு

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் இருக்கும் தமிழ்ச் சனத்துக்கு இன்னாசித்தம்பியை இரண்டு விதமாகத் தெரியும். கத்தோலிக்கப் பூசையில் பின்வரிசையில் நின்று அடிக்குரலில் பாடுகிறவர் என்பது ஒன்று. பழைய அமெரிக்கப் பாட்டுக்குப் பைத்தியம் பிடித்த மனிசன் என்பது மற்றது. பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது யாராவது அவரைச் சீண்டாமல் விடமாட்டார்கள்.

"இன்னாசி அண்ணை, மற்றக் கிழமை என்ர கலியாணவீடு. உங்கட றெக்கோட்டுகளைக் கொண்டந்து போடுங்கோவன். சனம் நேரத்துக்கு எழும்பிப் போகும்" என்றான் ஒருமுறை றொனிஷன்.

"போடலாம் தம்பி. ஆனா பொம்பிளை அழுது முகத்துப் பூச்செல்லாம் கரைஞ்சா என்னைக் கேக்கப்படாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய மனைவி எமிலியாவும் சிரித்தாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் அவள். இருபத்தைந்து வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை. கூட்டத்தில் வாய் திறப்பது குறைவு; கண்ணும் காதும் எந்நேரமும் திறந்திருக்கும்.

அந்தப் பாட்டுகளுக்குச் சோல் என்று பெயர். கறுப்பின மக்கள் தங்கள் கோயிலில் கடவுளைக் கூப்பிட்ட அதே குரலில், விட்டுப்போன புருசனையும் வராத காதலனையும் கூப்பிட்ட பாட்டுகள். இன்னாசித்தம்பி டென்மார்க்குக்கு வந்த முதல் பனிக்காலத்தில், அகதி முகாமின் பொதுக்கூடத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு பெட்டியில்தான் முதலாவது இசைத்தட்டைக் கண்டார். பாசை விளங்கவில்லை. "ஒரு மனிசி இப்பிடிக் குழறி அழுதுகொண்டு தாளமும் பிசகாம இருக்கிறது எப்பிடியெண்டுதான் யோசிச்சனான்" என்று எமிலியாவிடம் பின்னாளில் சொன்னார். அதை யோசித்தபடியே முப்பத்தைந்து வருடம் போய்விட்டது. பகலில் ஜன்னல் செய்யும் தொழிற்சாலை. சனிக்கிழமைகளில் பழைய சாமான் கடைகள். மகள் அஜந்தினி படிக்கவென்று ஓகூஸ் நகருக்குப் போனபின் அவளுடைய அறை முழுக்கத் தட்டுகள்தான். எமிலியா தூசி தட்டலாம், தொடக்கூடாது.

அவர் தேடியது பேர்பெற்ற பாடகர்களையல்ல. ஒரு சின்ன ஊரில், ஒரு தளபாடக்கடையின் பின்னறையில், இருநூறு தட்டு மட்டும் அடித்து, அதற்குப்பிறகு யாரென்றே தெரியாமல் போனவர்களைத்தான். அமெரிக்காவின் நூலகங்களுக்கும் தேவாலயங்களுக்கும் கடிதம் எழுதுவார். ஆங்கிலத்தை அஜந்தினி திருத்திக் கொடுப்பாள். அப்படி ஆறு பேரைக் கண்டுபிடித்து, இங்கிலாந்தில் வரும் ஒரு சின்னச் சஞ்சிகையில் எழுதியிருந்தார். ஒருத்தி பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஒருவர் இவர் கடிதம் போய்ச் சேருவதற்கு ஒரு கிழமை முன்னம் இறந்துபோனார். அன்று இன்னாசித்தம்பி சோறு தின்னவில்லை.

இந்தச் சேகரிப்பாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேறு யாரிடமும் இல்லாத ஒரு தட்டு கையில் கிடைத்தால், அதன் நடுவில் இருக்கும் லேபலின்மேல் வெள்ளைக் கடதாசி ஒட்டி, பொய்ப்பெயர் எழுதிவிடுவார்கள். நடனக் கூட்டத்தில் போட்டால் எல்லோரும் கேட்கலாம், ஆடலாம். ஆனால் என்ன தட்டென்று தெரிந்து இன்னொருவர் போய்த் தேட முடியாது. இது அவர்களுக்குள் களவும் அல்ல, பொய்யும் அல்ல. கெட்டித்தனம்.

இன்னாசித்தம்பிக்கு ஹோர்சன்ஸ் என்ற ஊரின் பழைய சாமான் கடையொன்றில் அப்படி ஒன்று கிடைத்தது. ஒஹையோவில் அடித்த தட்டு. லேபலில் ஆர்வெல்லா ப்ரிம் என்ற பெயர். எந்தப் பட்டியலிலும் இல்லாத பெயர். கடைசி பஸ் போனபின்னும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நிற்கும் ஒருத்தியின் பாட்டு. அவர் அதைக் குசினிக்குள் கொண்டுவந்து எமிலியாவுக்குப் போட்டுக் காட்டினார். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டாள்.

"ஆரப்பா இது?"

"அதைத்தானே கண்டுபிடிக்கப் போறன். கண்டுபிடிச்சு, இஞ்சை இவ்வளவு தூரத்திலையும் உன்ர பாட்டைக் கேக்கிறம் எண்டு அவவிட்டை நேர சொல்லவேணும். சொல்லிப்போட்டுச் செத்தாலும் பறவாயில்லை."

அவருடைய வாழ்க்கையில் அதற்குப்பிறகு அதுதான் பெரிய காரியமாக இருந்தது. கோல்டிங் என்ற ஊரில் பிளெமிங் என்றொரு டேனிஷ்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், இவருக்குச் சிநேகிதரும் எதிரியும். அவர் முந்திவிடுவார் என்ற பயத்தில் இன்னாசித்தம்பி லேபலின்மேல் கடதாசி ஒட்டினார். ஜன்னலுக்கு வெளியே ஏரி தெரிந்தது. கிளாரா லேக் என்று எழுதினார்.

கிளாரா லேக்குக்கு நல்ல பெயர் வந்தது. ஞாயிறு பின்னேரங்களில் நடக்கும் சேகரிப்பாளர்களின் நடனக் கூட்டத்தில் அந்தத் தட்டைப் போட்டாலே கதிரையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். யாரோ அதைப் படம்பிடித்து இணையத்தில் போட்டார்கள். ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். ஆர்வெல்லா ப்ரிம் மட்டும் அகப்படவேயில்லை. ஒஹையோவில் பிறந்தவர், இறந்தவர், மணமுடித்தவர் பதிவுகளிலெல்லாம் அப்படியொரு ஆள் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவள் டெனீஸ் என்ற பெண். அஜந்தினி லீவில் வந்திருந்தாள். மேசையிலிருந்து அவளே வாசித்துத் தமிழில் சொன்னாள். 'நீங்கள் போட்ட பாட்டைக் கேட்டேன். அது என் அம்மாவின் குரல். அம்மாவின் பெயர் மேமி கௌச். பத்தொன்பது வயதில் ஒரு கடையின் பின்னறையில் பாடியவர். தட்டு வந்ததும் தருகிறோம் என்றார்கள், தரவில்லை. அவர் அதைக் கண்ணாலும் கண்டதில்லை. இப்போது எழுபத்திரண்டு வயது, நெஞ்சு வருத்தம். ஒட்டியிருக்கும் கடதாசிக்குக் கீழே என்ன பெயர் இருக்கிறது? லேபலைப் படமெடுத்து அனுப்புவீர்களா? அம்மா பார்க்க ஆசைப்படுகிறார்.'

இன்னாசித்தம்பி சிரித்தார்.

"பிளெமிங்கின்ர வேலை."

"அப்பா, இது ஒரு பொம்பிளை."

"பொம்பிளையின்ர பேரிலை எழுதுவாங்கள் பிள்ளை. போன வருசம் இங்கிலாந்திலை ஒருத்தனுக்கு 'நான் பாடகற்ற பேரன்' எண்டு எழுதி லேபலின்ர பேரைப் பிடுங்கினவங்கள். கேக்கிறதைப் பார்: கடதாசிக்குக் கீழை என்ன பேர்! அதுதானே அவனுக்கு வேணும். உண்மையான ஆளெண்டால் ஆர்வெல்லா ப்ரிம் எண்டெல்லே சொல்லுவா? மேமியாம், கௌச்சாம்."

எமிலியா சுவரோரம் நின்று உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "இஞ்சேருங்கோ, நெஞ்சு வருத்தமெண்டு எழுதியிருக்குது. ஒருக்கா ரெலிபோனிலை கதைச்சுப் பாருங்கோவன்" என்றாள்.

"உமக்கு இந்த ஆக்களைத் தெரியாது."

அவள் அடுத்த உடுப்பை எடுத்து மடித்தாள். இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் மகளைக் கொண்டே பதில் எழுதுவித்தார். 'பாடகி கிளாரா லேக் 1974இல் காலமானார். மன்னிக்கவும்.' அதற்குமேல் யாரும் துருவக்கூடாது என்பதற்காக அந்த ஆண்டு. எமிலியாவுக்கு அது எங்கிருந்து வந்ததென்று தெரியும். அவருடைய தாய் இறந்த ஆண்டு. பொய் சொல்லும்போதும் மறக்காத எண்ணாகப் பார்த்து எடுத்திருக்கிறார்.

"கூடாத பொய், அப்பா" என்று டேனிஷில் சொல்லிக்கொண்டே அஜந்தினி அனுப்பினாள். அந்தப் பதிலையே அவர் வீடியோவுக்குக் கீழேயும் போட்டுவிட்டார். அங்கிருந்து அதை எடுத்து யாரோ ஒரு பட்டியலில் சேர்த்தார்கள். கிளாரா லேக், இறப்பு 1974.

போன மாசி மாதம் ஒஹையோவின் ஒரு நூலகத்திலிருந்து பெரிய பதில் வந்தது. தளபாடக்கடைக்காரரின் குடும்பம் பழைய கடதாசிகளை நூலகத்துக்குக் கொடுத்திருந்தது. அதில் ஒரு தாளைப் பிரதியெடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒலிப்பதிவு செய்த நாள், வாசித்தவர்கள், பாடியவர். அடியில் கடைக்காரரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: பெண்ணின் பெயர் எடுபடாது, ஆர்வெல்லா ப்ரிம் என்று போடவும்.

"கண்டுபிடிச்சிட்டன்! எமிலி, கண்டுபிடிச்சிட்டன்!" இன்னாசித்தம்பி அறுபத்திரண்டு வயதில் சின்னப்பிள்ளைபோலக் குசினிக்குள் ஓடிவந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. "ஆர்வெல்லா ப்ரிம் எண்டொரு ஆளே இல்லை. கடைக்காரன் வைச்ச பேர். அதுதான் அகப்படேல்லை. உண்மையான பேர் மேமி. மேமி கௌச்."

எமிலியா வேலைக்குப் போக வெளிக்கிட்டு, சப்பாத்துக் கட்டக் குனிந்திருந்தாள். குனிந்தபடியே நின்றாள்.

"என்னப்பா, அந்தப் பேர் முந்தியும் வந்ததெல்லே."

"எங்கை வந்தது?"

"ஒரு பிள்ளை எழுதினது. தாய்க்கு நெஞ்சு வருத்தமெண்டு."

அவர் முகத்தை அவள் பார்க்க விரும்பவில்லை, ஆனாலும் பார்த்தாள். முதியோர் இல்லத்தில், பிள்ளைகள் வந்து போய்விட்டார்கள் என்பதைத் திடீரென்று விளங்கிக்கொள்ளும் கிழவர்களின் முகம் அப்படித்தான் போகும். அவர் அறைக்குள் போய்க் கணினியில் பழைய கடிதத்தைத் தேடும் சத்தம் கேட்டது. அன்று அவள் பஸ்ஸை விட்டுவிட்டு, நடந்தே வேலைக்குப் போனாள்.

அவர் டெனீசுக்கு எழுதினார், இந்தமுறை மகளைக் கேட்காமல், தன் ஆங்கிலத்தில். லேபலின் படம், நூலகத்தின் தாள், மன்னிப்பு, எல்லாம் சேர்த்து. பன்னிரண்டு நாள் பதிலில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் தட்டுகள் இருந்த அறைக்கதவு பூட்டியபடியே கிடந்தது. பதின்மூன்றாம் நாள் பதில் வந்தது. அவர் அதை எமிலியாவுக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். ஒவ்வொரு வரிக்கும் பிறகு நிறுத்தினார்.

'உங்கள் முதல் பதிலுக்குப் பிறகு அம்மா ஏழு மாதம் இருந்தார். அந்தப் பதிலை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அப்படியென்றால் என்னைப்போல் அழுகிற இன்னொருத்தி இருந்திருக்கிறாள் என்று சொல்லி, பாட்டை நிறுத்தச் சொன்னார். சட்டி கழுவும்போது எந்நாளும் அதைத்தான் பாடுவார். அன்றைக்குப் பிறகு பாடவில்லை. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. என் அம்மா உயிரோடு இருக்கும்போதே அவர் செத்துவிட்டார் என்று எழுதினீர்கள். தட்டை அனுப்பட்டுமா என்று கேட்கிறீர்கள். யாருக்கு? அவர் பெயரைத் திருத்திவிடுங்கள். இனி எனக்கு எழுத வேண்டாம்.'

எமிலியா அவர் தோளில் கை வைத்தாள். அவர் அந்தக் கை இருப்பதை அறியவில்லை.

"அண்டைக்கு நீர் சொன்னனீர்" என்றார்.

"ஒருக்காத்தான் சொன்னனான்."

பெயரைத் திருத்துவது ஒன்றாவது தன்னால் முடியும் என்று அவர் நினைத்தார். வீடியோவுக்குக் கீழே எழுதினார். சஞ்சிகைக்கு எழுதினார். பட்டியல் வைத்திருந்தவருக்கு எழுதினார். 'கிளாரா லேக்கின் மரணத்துக்கு ஆதாரம் இருக்கிறது' என்று அந்த மனிதர் பதில் போட்டார். அவர் காட்டிய ஆதாரம், வீடியோவுக்குக் கீழே இன்னாசித்தம்பியே முன்பு எழுதிய வரிதான். மற்றவர்கள் சிரித்த முகங்களைப் போட்டார்கள். ஆள் பழையபடி விளையாட்டைத் தொடங்கிவிட்டார் என்றார்கள்.

கடைசியில் ஞாயிறு கூட்டத்துக்கே போய் எல்லோருக்கும் முன்னால் சொல்வதென்று தீர்மானித்தார். எமிலியா கேட்காமலே கூட வந்தாள். அவள் அங்கே போனது அதுதான் முதல் தடவை. ஏரிக்கரையில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் மண்டபம். நரைத்த தலையோடு ஐம்பது அறுபது டேனிஷ் ஆட்கள், ஆடும்போது கால் வழுக்கிச் சுழலவென்று தரையில் தூவிய பவுடர், பியர் வாசம். இன்னாசித்தம்பி வெள்ளைக் கடதாசியை வெந்நீர் ஆவியில் காட்டி உரித்து எடுத்திருந்தார். நீல லேபல், கொஞ்சம் வெளிறினாலும், பெயர் தெளிவாகத் தெரிந்தது.

மைக்கைப் பிடித்துச் சொன்னார். அவருடைய டேனிஷ் எந்நாளும் தடக்கும். அன்று இன்னும் தடக்கியது. கிளாரா லேக் என்று ஒருத்தி இல்லை. பாடியவர் மேமி கௌச். இரண்டு வருடத்துக்கு முன்வரை உயிரோடு இருந்தார். அவருடைய மகள் எனக்கு எழுதினார், நான் பொய் சொன்னேன்.

பிறகு யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். சிரிப்பும் விசிலும் கேட்டன.

பிளெமிங் முன்னால் வந்து இவர் முதுகில் அறைந்தார். பெரிய, நல்ல மனிதர். "இன்னா, நீ பழைய நரி" என்றார். "மகளாம், நெஞ்சு வருத்தமாம். நான் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன். சரி, இப்போது உண்மையான பெயரைச் சொல்."

"இதுதான் உண்மை. லேபலைப் பார். ஆர்வெல்லா ப்ரிம். கடைக்காரன் வைத்த பெயர் அது."

"இப்போது மூன்று பெயரா?"

பிளெமிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். லேபலின் ஓரத்தை நகத்தால் மெதுவாக வருடினார். நீண்டநேரம் பார்த்தார். பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"அச்சு பிரமாதம். இந்தப் புது லேபலை எங்கே அடித்தாய்?"

எமிலியா கதிரையிலிருந்து எழும்பினாள். தன்னிடம் இருக்கும் டேனிஷை மனதுக்குள் வேகமாகப் புரட்டினாள். குளிசை, குளிப்பு, படுக்கை, வலி எங்கே, இன்றைக்கு யாராவது வந்தார்களா. அதைக்கொண்டு இந்த ஆட்களுக்கு எதைச் சொல்வது?

"கிளாராவைப் போடு!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். கிளாரா, கிளாரா என்று காலால் தாளம் தட்டினார்கள்.

இன்னாசித்தம்பி பிளெமிங்கின் கையிலிருந்து தட்டை வாங்கி, சட்டையில் துடைத்து, சுழலும் கருவியில் வைத்து ஊசியை இறக்கினார். எல்லோரும் ஆடப் போனார்கள்.