அக்கா பக்கத்தில் நின்ற கூழைக்கடா

கடலோரத்தில் என் பேத்தி கைபேசியில் கூழைக்கடாவை விடாமல் படமெடுத்தாள். “ஏட்டி, பிலிம் ரோல் தீர்ந்துரும்!” என்று பதறிவிட்டேன்.

அறுபதுகளில் ஒருநாள் தாராவியிலிருந்து மாகிம் கடற்கரைக்குப் போனோம், அக்காவைப் படமெடுத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப. ரோலில் எட்டுப் படம்தான். அக்கா சேலை மடிப்பைச் சரிசெய்வதற்குள் கேமராவோடு வந்த மாமா ஏழு படங்களைக் கூழைக்கடாக்களுக்கே கொடுத்துவிட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“மாமா, இன்னும் ஒண்ணுதான் இருக்கு! அக்கா கல்யாணம் நின்னு போயிரும்!”

“சும்மா கெட பிள்ள!”

அவர் அமுக்கிய நொடியில் அக்கா பக்கத்தில் ஒரு கூழைக்கடா வந்து நின்றது. வேறு ரோலுக்கு வழியில்லை. அதையே ஊருக்கு அனுப்பினோம். பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளையே எழுதியிருந்தார்: “பெண்ணைப் பிடித்திருக்கிறது. பக்கத்தில் நிற்கும் மூக்கருக்கு மட்டும் வேறு பெண் பார்த்துவிடுங்கள்.”