வண்டிக்கு ஆற்றுத் தண்ணீர்

வண்டியை வாழைத் தோட்டத்து ஓரமாக விட்டுவிட்டு ஏரலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். கையில் காலித் தண்ணீர்க் கேன், தோளில் துண்டு. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பானட்டிலிருந்து ஆவி இன்னும் போய்க்கொண்டிருப்பது தெரியும். தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

கொற்கைப் பக்கம் வியாபாரத்தை முடித்துக்கொண்டு வந்த வழி அது. நைட்டி, பெட்ஷீட், தலையணை உறை விற்கிறேன். காரின் பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் சரக்கை அடுக்கி, கூரையில் ஒரு ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தேன். விக்கிரமசிங்கபுரத்து மில் தெருக்களில் தொடங்கி, ஆற்றோடு இறங்கிக் கொற்கை வரைக்கும் ஊர் ஊராகப் போவேன். இருட்டினால் ஏதாவது கோயில் பக்கமோ பள்ளிவாசல் பக்கமோ நிறுத்திச் சரக்கின் மேலேயே படுத்துக்கொள்வேன். புதுத் துணியின் கஞ்சி வாசனையில் நல்ல தூக்கம் வரும். ஆகவே வண்டி நின்றது என்றால் கடை நின்றது, வீடும் நின்றது.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட பிறகு நான் பார்க்காத வேலை குறைவு. திருப்பூரில் பனியன், மங்களூரில் ஓட்டல், மலையாளத்தில் பாறை, தூத்துக்குடியில் உப்பு. எங்கேயும் ஏதாவது ஒன்று முறிந்தால் கிளம்பிவிடுவேன். பேச்சு முறிந்தாலும் சரி, பாறையில் ஒரு தடவை கால் முறிந்ததே, அப்போதும் சரி. கட்டு அவிழ்த்த வாரமே ரயில் ஏறினேன். யார் மேலும் கோபம் கிடையாது. இருக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

திருநெல்வேலி பஸ் ஒன்று பின்னால் வந்து வேகம் குறைத்தது. படியில் நின்ற கண்டக்டர் கேனையும் என்னையும் பார்த்தார். கை காட்டியிருந்தால் ஏறியிருக்கலாம். ஆனால் சரக்கு முழுவதும் வண்டிக்குள் கிடந்தது, ஒரு பக்கத்துக் கதவு பூட்டாது. பஸ் போய்விட்டது.

அந்தக் கதவைச் சொன்னேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி வாங்கியவன் கண்ணால் ஓட்டுவதில்லை, காதால் ஓட்டுகிறான். நேற்று இல்லாத சத்தம் இன்று கேட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. நேற்று இருந்த சத்தம் இன்று கேட்காவிட்டால் அதைவிட மோசம். இடது பக்கக் கண்ணாடியை இறக்கினால் ஏற்றக் கையால் இழுக்க வேண்டும். சூடு காட்டும் முள் நான் வாங்கிய நாளிலிருந்தே நடுவில் படுத்துக் கிடந்தது. நான் அதை வண்டியின் நிதானம் என்று நினைத்துக்கொண்டேன். நிறுத்தும்போது எப்போதும் சரிவாகப் பார்த்து நிறுத்துவேன். காலையில் உயிர் வராவிட்டால் உருட்டிவிடலாமே. பெட்ரோல் வாசனை வந்தால் அது முன்னால் போகிற வண்டியினுடையதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

வண்டியைக் கொடுத்தவர் திருநெல்வேலி டவுனில் ஓய்வுபெற்ற அதிகாரி. சைவக் குடும்பம். வயல்களெல்லாம் போய், பென்ஷன் மட்டும் மிஞ்சிய வீடு. கண்ணில் புரை விழுந்ததால் விற்கிறேன் என்றார். காரைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, முதலில் உள்ளே மோந்து பார்க்கச் சொன்னார்.

“ஒரு நாள் இதுக்குள்ள கவிச்சி வாசம் வந்தது கெடையாது, பாத்துக்கிடும்.”

“இஞ்சின் எப்படிங்கய்யா?”

“இஞ்சினுக்கு என்ன? ரேடியேட்டர்ல ஆத்துத் தண்ணி தவிர வேற தண்ணி விட்டதில்ல. குறுக்குத்துறைக்குப் போயி நானே கோரிட்டு வருவேன். குழாய்த் தண்ணி ஒரு சொட்டு படல.”

அதைக் கேட்டதும் நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஆற்றங்கரையில் பிறந்தவனிடம் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எங்கே போனாலும் மற்ற ஊர்த் தண்ணீரைக் குடித்து முகம் சுளிக்கிறவர்கள் நாங்கள். அவர் சுத்தமாக வளர்த்த வண்டி என்று எடுத்துக்கொண்டேன். கவிச்சி விஷயத்தில் மட்டும் அவர் பேரைக் காப்பாற்ற முடியவில்லை. பொரித்த மீன் பொட்டலம் அடிக்கடி உள்ளே வந்தது. தண்ணீர் விஷயத்தில் அவரைவிடக் கறாராக இருந்தேன். பெட்ரோல் பங்கில் ரேடியேட்டருக்குக் கூலண்ட் என்று பச்சையாக ஒன்றை ஊற்றச் சொல்வார்கள், மறுத்துவிடுவேன். கொற்கைக்குக் கீழே தண்ணீர் உப்புக் கரிக்கும். அங்கே அலைகிற நாட்களில் நான் அந்த உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, குறுக்குத்துறையில் பிடித்த கேனை வண்டிக்கென்று பத்திரமாக வைத்திருப்பேன். சமீபமாக வண்டி அதிகம் குடித்தது. வெயில் காலம் என்று நினைத்தேன்.

எதிரே ஒரு டிராக்டர் வந்து நின்றது. வாழை இலைக் கட்டு ஏற்றப் போகிற வெறும் வண்டி. ஓட்டி வந்தவர் என் வயதுக்காரர், தலையில் துண்டு.

“என்னவே, தண்ணிக்கா நடக்கீரு?”

“வண்டி சூடாகி நின்னுட்டு அண்ணாச்சி.”

“எங்கன?”

“அந்த வளைவு தாண்டி.”

“வெள்ளை வண்டியா? நைட்டி வண்டி? ஓய், எங்க வீட்டுக்காரி போன மாசம் உம்மட்ட ஒண்ணு எடுத்தா. ஒரே அலசுல சாயம் பூரா என் வேட்டிக்கு வந்துட்டு.”

“மாத்தித் தாரேன் அண்ணாச்சி.”

“வேண்டாம். வேட்டி இப்பம்தான் நல்லாருக்கு. ஏறும்.”

கயிறு கட்டி இழுத்தார். என்ஜின் ஓடாத வண்டியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடிப்பது வேறு மாதிரி அனுபவம். எல்லாம் கல்லாக இருக்கும். முதல் தடவையாக வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. முன்னால் டிராக்டர் மட்டும் படபடத்தது.

ஏரல் முக்கில் ஒரு தகரக் கொட்டகைதான் பட்டறை. மெக்கானிக் ஒரு பாய். தாடி நரைத்திருந்தது. வண்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் போய் உட்கார்ந்தார். ஆறட்டும் என்றார். ஆறியதும் குனிந்து கீழ்க் குழாயைக் கழற்றினார். வாளியில் விழுந்தது தண்ணீர் இல்லை. கரிசலும் செம்மண்ணும் கரைத்த மாதிரி ஒன்று, அதில் துருச் செதில்கள். பிறகு எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

“டீ குடிச்சீரா?” என்று என்னிடம் கேட்டார்.

“இல்ல பாய்.”

“உம்ம இஞ்சின் குடிச்சிருக்கு, பாரும்.”

கம்பியில் ஒட்டியிருந்த எண்ணெய் பால் டீயின் நிறத்தில் இருந்தது. தண்ணீர் எண்ணெயோடு கலந்துவிட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியும்.

“மவுத்தா பாய்?”

பாய்மார் தெருக்களில் விற்றுப் பழகியதில் சாவுக்கு அந்தச் சொல்தான் வாயில் வந்தது. அவர் சிரிக்காமல் தலையை ஆட்டினார்.

“மவுத்தாகல்ல. ஹயாத்து கெடக்கு, உயிர் இருக்கு. ஆனா உள்ள பூராத் துரு. தண்ணி ஓடுத வழியெல்லாம் அடைச்சுப் போயிட்டு. சூட்டுல கேஸ்கெட் வெந்துட்டு. ஆமா, எந்தத் தண்ணிவே ஊத்துனீரு?”

“ஆத்துத் தண்ணிதான். வேற தண்ணி தொட்டது கெடையாது.”

அந்த அதிகாரி சொன்ன அதே பெருமையோடு சொன்னேன் போலிருக்கிறது. பாய் வாளியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

“நல்ல தண்ணிதான பாய்?” என்றார் டிராக்டர்காரர். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு இன்னும் போகாமல் நின்றார்.

“குடிக்கதுக்கு நல்ல தண்ணி. குளிக்கதுக்கும் நல்ல தண்ணி. இரும்புக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்னவே? துருதான் புடிக்கும். பச்சையா ஒண்ணு விக்கான்லா, அத எதுக்கு விக்கான்?”

“எங்க டிராக்டருக்கும் ஆத்துத் தண்ணிதான் ஊத்துதோம்.”

“அதனாலதான எனக்குச் சோறு நடக்கு.” பாய் துணியில் கையைத் துடைத்தார். “எங்க வாப்பாவும் அவங்க காருக்கு அதத்தான் ஊத்துனாங்க. நானே கோரிட்டு வந்து கொடுத்திருக்கேன். அப்பம் இரும்பு கனம், தாங்குச்சு. அவங்ககிட்ட வந்து வேற தண்ணி ஊத்துங்கன்னு சொல்லிருந்தா வெளக்குமாத்த எடுத்திருப்பாங்க.”

டிராக்டர்காரர் போன பிறகு பாய் இரண்டு வழி சொன்னார். பழைய இரும்புக்காரரிடம் சொன்னால் நாளையே வந்து எடுத்துக்கொள்வார். நான் துணி மூட்டையோடு பஸ் ஏறலாம். இல்லையென்றால் என்ஜின் தலையைக் கழற்ற வேண்டும், லேத்துக்கு அனுப்பிச் சமப்படுத்த வேண்டும், ரேடியேட்டர் புதுசு வேண்டும். சாமான் நான் வாங்கித் தர வேண்டும். கூலியைப் பைய பார்த்துக்கொள்ளலாம்.

“கழத்துனாலும் நிக்குமான்னு உறுதி சொல்ல மாட்டேன். உள்ள போயி பாத்தாத்தான் தெரியும். சாவியக் கொடுத்துட்டுப் போறீரா, இருக்கீரா?”

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். ஏனென்று தெரியவில்லை, அந்த அதிகாரிக்குப் போன் போட்டேன். சண்டை போட இல்லை. வண்டி நின்றுவிட்டது என்று சொல்ல அவரைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை.

“சொல்லும் தம்பி. வண்டி எப்படி இருக்கு?”

“நின்னுட்டுங்கய்யா. உள்ள துருப் புடிச்சிருக்கு. ஆத்துத் தண்ணி ஊத்துனதாலன்னு சொல்லுதாங்க.”

அந்தப் பக்கம் மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

“எந்த ஊர்க்காரன் சொல்லுதான்?”

“ஏரல்ல, பட்டறையில.”

“அங்கன வார தண்ணி நம்ம தண்ணி இல்ல தம்பி. வார வழியில என்னென்னமோ கலக்கு. நீரு எங்கன கோரினீரு?”

“குறுக்குத்துறையிலதாங்கய்யா.”

“அப்பம் துருவா இருக்காது. வேற ஆளுகிட்ட காட்டும்.” பிறகு குரலை மாற்றிக்கொண்டு கேட்டார். “நீரு சாப்பிட்டீரா?”

சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆற்றுக்குப் போனேன். பாலத்துக்குக் கீழே தண்ணீர் முழங்கால் அளவுக்குத்தான் ஓடியது. உடம்பிலிருந்த டிராக்டரின் டீசல் புகை போகிற வரைக்கும் குளித்தேன். கையில் அள்ளிக் குடித்தும் பார்த்தேன். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கரையில் உட்கார்ந்து கணக்காக யோசித்தால் இரும்புக்காரரிடம் கொடுப்பதுதான் சரி. வேறொரு பழைய வண்டி எப்போதாவது கிடைக்கும். ஆனால் அந்த வண்டியின் சத்தங்களை நான் முதலிலிருந்து படிக்க வேண்டும். எந்தக் கதவு பூட்டாது, எந்த கியர் கடிக்கும், மழையில் எந்த மூலை ஒழுகும் என்று எல்லாவற்றையும். அந்த வண்டிக்காரரும் எதையாவது பெருமையாகச் சொல்லித்தான் கொடுப்பார், அதில் என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரிய ஒரு வருடம் ஆகும். இந்த வண்டியின் நோய் இப்போது முழுசாக எனக்குத் தெரியும். தெரிந்த நோயோடு இருப்பது மேல் என்று பட்டது. அதற்குள் துண்டு உடம்பிலேயே காய்ந்துவிட்டது.

பட்டறைக்குத் திரும்பியபோது பாய் அந்தி நேரத்து மக்ரிப் தொழுகைக்குப் போகக் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“கழத்துங்க பாய்.”

“சாமானுக்கு?”

“வேல பாக்கேன்.”

“எங்க?”

“தெரியல.”

அவர் கொட்டகைக் கதவைச் சாத்தாமல் விட்டுப் போனார். அன்றும் வண்டிக்குள் சரக்கின் மேல்தான் படுத்தேன்.

விடிந்ததும் முக்கில் டீக்கடைக்குப் போனேன். அங்கே லுங்கியை மடித்துக் கட்டிய ஏழெட்டுப் பேர் வாழைத்தார் வெட்டுக்குப் போக நின்றுகொண்டிருந்தார்கள். ஆள் குறைகிறது என்று அவர்களுடைய மேஸ்திரி போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். “சவத்தெளவு, கல்யாணத்துக்குப் போறவன் நேத்தே சொல்ல வேண்டியதான?” அவர் போனை வைத்ததும் நான் எழுந்து போய்க் கேட்டேன்.

“நான் வரலாமா அண்ணாச்சி?”

மேலும் கீழும் பார்த்தார். “தார் சொமந்திருக்கீரா?”

“உப்பு சொமந்திருக்கேன்.”

“உப்பு சும்மா கெடக்கும்வே. தார் தோள்ல கெடந்து ஆடும். எத்தன நாளைக்கு நிப்பீரு? இன்னைக்கு வந்துட்டு நாளைக்கு ஓடுத ஆளுன்னா வேண்டாம்.”

“வண்டி எந்திரிக்கிற வரைக்கும் நிப்பேன்.”

எந்த வண்டி என்று அவர் கேட்கவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, “சட்டையக் கழத்தி வச்சிரும், வாழைக் கறை போவாது,” என்றார்.

தோட்டத்துக்கு முந்தின நாள்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். கணுக்கால் வரைக்கும் சேறு. வெட்டுகிறவர் மரத்தைச் சாய்த்துத் தாரைத் துண்டித்து என் தோளில் வைத்தார். அடியில் சருகுச் சும்மாடு. மேஸ்திரி சொன்னது சரிதான், அது ஆடியது. லாரி நின்ற ரோட்டுக்கு வரப்பு வழியாகப் போக வேண்டும், வரப்பு வழுக்கியது. எனக்கு முன்னால் போனவர் எங்கெங்கே கால் வைக்கிறார் என்று பார்த்து அங்கங்கே நானும் வைத்தேன். லாரியில் நின்றவர் தாரை வாங்கிக்கொண்டு, “அடுத்தது,” என்றார்.