படகு ஏறும் மணலில் ஒரு கார்

எங்கள் காரின் பழைய இன்ஜின் ஒரு கோடையில் புகை விட்டு நின்றுபோனது. பின்பக்கம் நசுங்கிய வேறொரு காரிலிருந்து கழற்றிய, கொஞ்சம் பெரிய இன்ஜின் ஒன்று காயலான் கடையில் இருந்தது. அதை வாங்கி மாற்றிவிடலாம் என்று சொன்னவன் என் பள்ளித் தோழன். வைத்திக்குப்பத்துக்காரன், படகு இன்ஜின் மெக்கானிக். முதுகெலும்பில் ஏதோ விலகியிருக்கிறது, ஆடுகிற படகில் குனிந்து வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் அவனிடம் சொல்லியிருந்தார். ஆடாத இன்ஜின்களைத் தேடி அவன் கருவடிக்குப்பத்தில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தான். வாசலில் கார் படம் போட்ட பலகையை மாட்டினான். முதலில் உள்ளே போனது என் கார். அப்போதைக்கு அது ஒன்றுதான் போனது.

அதே தெருவில் பள்ளிக்கூட வேன்கள் வைத்திருக்கும் ஒருவர் இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். எங்கள் புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். காலையில் தொப்பி வைத்துக்கொண்டு நடக்கப் போகும்போது கொட்டகை முன் நின்று பார்ப்பார். இந்தக் கார் திண்டிவனம் வரை நிற்காமல் போய்த் திரும்பி வரட்டும், வேன்களையெல்லாம் ரிப்பேருக்கு உன்னிடமே விடுகிறேன் என்று என் நண்பனிடம் சொன்னார். திரும்பி வராவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை.

அதைச் சொன்னது நண்பனின் மனைவி. கடற்கரையில் மீன் விற்பவள். ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்தபோது, அவன் காருக்கு அடியில் இருந்த நேரம் பார்த்து என்னிடம் சொன்னாள்: "இது ஓடலைன்னா திரும்பவும் போட்டுல ஏறிடுவாருண்ணே. ஏறிட்டா, எறக்கறதுக்கு நாலு பேரு வேணும்."

அடியிலிருந்து, தன் காது இன்னும் கேட்கிறது என்று பதில் வந்தது.

இன்ஜின் ஒழுங்காக உட்கார்ந்தது. உட்காரும் முன்பே அதிலிருந்து ஒரு சாமானை அவன் கழற்றிவிட்டிருந்தான். உள்ளங்கையில் அடங்கும் பித்தளை வட்டு. நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு மூடி. இன்ஜின் சூடானால் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும், ஆறினால் மூடிக்கொள்ளும். பெயர் தெர்மோஸ்டாட். படகில் உப்புத் தண்ணீர் பட்டு அது மூடிய வாக்கிலேயே இறுகிவிடும், இன்ஜின் நடுக்கடலில் வெந்துபோகும். அதனால் புது இன்ஜின் வந்தால் குப்பத்தில் முதல் வேலை அதைக் கழற்றுவதுதான். கழற்றியதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை. என் காருடைய தெர்மோஸ்டாட்டை அவன் கழுவி, சுவரில் இருந்த வீராம்பட்டினத்து அம்மன் படத்தின் முன்னால் வைத்தான். அதில் இருந்த ஓட்டை ஊதுபத்தி செருக அளவாக இருந்தது.

முதல் ஓட்டம் காலாப்பட்டு பக்கம். ஓட்டியவன் அவன். என் வேலை வெப்பம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பது. பத்திரிகை ஆபீஸில் பல வருடம் அடுத்தவர் எழுதியதில் தப்பு தேடியவன் என்பதால் அந்த வேலைக்கு நான் சரிப்படுவேன் என்று அவன் நினைத்தான். முள் பாதியில் நிற்காமல் சிவப்பைத் தொட்டது. பேனட்டிலிருந்து ஆவி வந்தது. ஓரங்கட்டி, ஆறும் வரை ஒரு முந்திரித் தோப்பின் நிழலில் உட்கார்ந்திருந்தோம்.

கொட்டகைக்கு வந்து பார்த்ததில் ஃபேன் தலைகீழாகச் சுற்றுவது தெரிந்தது. ஒயர் மாறியிருந்தது. காற்றை உள்ளே இழுக்க வேண்டியது வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. காரணம் கிடைத்த சந்தோஷத்தில் அவன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். ஒயரை மாற்றிக்கொண்டு போனோம். அதே முந்திரித் தோப்பு வரை போக முடிந்தது.

அடுத்து, இன்ஜின் பெரியது, ரேடியேட்டர் சின்னது என்றான். பெரிய ரேடியேட்டர் வந்தது. அதை உட்கார வைக்க முன்பக்கத் தகட்டை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டினான். கார் கொதித்தது. தண்ணீர் பம்பை மாற்றினான். கொதித்தது. ஒவ்வொரு முறையும் அவன் கண்டுபிடித்த குறை உண்மையாகவே இருந்தது. பழைய பம்ப்பும் ஒழுகத்தான் செய்தது. சரிசெய்யப்பட்ட காராக அது தினமும் கொதித்தது.

கொட்டகையைக் கடந்து போகிறவர்கள் நின்று யோசனை சொன்னார்கள். ஆட்டோக்காரர், லேத் பட்டறைக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், எல்லோரும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பித்தார்கள். தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டியா?

"அது மொத நாளே" என்பான் இவன்.

அப்படியென்றால் தெரியவில்லையே என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

சொல்தாவும் கேட்டார். பதில் கேட்டுத் திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு, பிரான்சில் இருந்தவரை தன் வண்டி ஒருநாளும் கொதித்ததில்லை என்றார்.

"அங்க எப்படிங்க கொதிக்கும், ஐஸ் மேல ஓட்டறீங்க" என்றான் இவன்.

அவர் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன் என்றார். அன்று மாலை நண்பன் தன் பழைய படகு முதலாளியோடு போனில் பேசியதைக் கேட்டேன். சும்மா விசாரித்தேன் என்றான்.

மிச்சம் இருந்தது காற்றுப் பிரச்சினை. தண்ணீர் ஓடும் குழாயில் எங்கோ காற்று அடைத்திருக்கிறது, காரின் மூக்கை மேலே தூக்கி வைத்து இன்ஜினை ஓட விட்டால் குமிழி குமிழியாக வெளியே வந்துவிடும் என்றான். அதற்கு ஒரு சரிவு வேண்டும். புதுச்சேரியில் சரிவு கிடையாது. ரயில்வே மேம்பாலத்தில் பேனட்டைத் திறந்துகொண்டு நிற்க முடியாது. கடைசியில் வைத்திக்குப்பத்தில் படகுகளை ஏற்றும் மணல் மேட்டுக்குக் கொண்டுபோனோம்.

மீன் ஏலம் முடிந்த நேரம். படகு தள்ளும் ஆட்கள் கேட்காமலே வந்தார்கள். சக்கரத்துக்குக் கீழே பலகை போட்டு, படகை ஏற்றும்போது போடுகிற அதே சத்தத்தைப் போட்டுத் தள்ளினார்கள். இரண்டு படகுகளுக்கு நடுவில் என் கார் கரையைப் பார்த்தபடி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. எப்போது கடலில் இறக்குகிறாய் என்று ஒருவர் கேட்டார். படகுக்குச் செய்வதுபோல ஒரு குழாயைக் கடலில் விட்டுவிட்டால் வேலை முடிந்தது, திண்டிவனம் வரைக்கும் குழாய் எட்டுமா பார் என்றார் இன்னொருவர். நண்பன் ரேடியேட்டர் வாயைத் திறந்து வைத்து, இன்ஜினை ஓட விட்டு, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். எழும்போது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

குமிழி வந்தது. பிறகு நின்றது. முள் ஏறியது. சிவப்புக்கு வந்ததும் நான் சொன்னேன், அவன் இன்ஜினை நிறுத்தினான்.

அவன் மனைவி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, காரின் முன்பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டு உள்ளே பார்த்தாள். கை இருந்த இடம் ரேடியேட்டரின் அடிப்பக்கம். எடுக்கவில்லை. அழுத்தி வைத்துப் பார்த்தாள்.

"ஏன்யா, இது ஆறிப்போய் இல்ல இருக்குது."

அவன் கை வைத்தான். பிறகு இன்ஜின் பக்கம் கையைக் கொண்டுபோய், தொடுவதற்கு முன்பே இழுத்துக்கொண்டான். நானும் தொட்டுப் பார்த்தேன். இன்ஜின் வெந்துகொண்டிருக்க, அதைக் குளிர வைக்கும் பெரிய ரேடியேட்டர் நிழலில் வைத்த குடம் போல இருந்தது.

அவன் மணலில் உட்கார்ந்து, விரலால் இரண்டு கோடு போட்டு எனக்குச் சொன்னான். இந்த இன்ஜினில் தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று ரேடியேட்டர் வரை போய்வரும் நீள வழி. மற்றது இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும் சுருக்கு வழி. சூடு ஏறினால் தெர்மோஸ்டாட் நீள வழியைத் திறக்கும், கூடவே சுருக்கு வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் இரண்டும் திறந்தே கிடக்கும். எது கிட்டமோ அதிலேதான் தண்ணீர் போகும், ரேடியேட்டர் வரை வராது.

"கடல்ல ஒரே வழிடா. உள்ள வரும், வெளிய போயிடும்" என்றான்.

கொட்டகைக்குத் திரும்பியதும் அம்மன் படத்தின் முன்னால் இருந்த ஊதுபத்தியைப் பிடுங்கிச் சுவர் விரிசலில் செருகினான். தெர்மோஸ்டாட்டை டீ போடும் பாத்திரத்தில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தான். ஊதுபத்திச் சாம்பல் மேலே மிதந்தது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும், மட்டிச் சிப்பி வாய் பிளப்பது போல மூடி மெதுவாகத் திறந்தது. வெளியே எடுத்து வைத்ததும் மூடிக்கொண்டது. அவன் மனைவி அந்தப் பாத்திரத்தை இனி டீக்கு எடுக்கக்கூடாது என்றாள்.

மாட்டி முடித்த மறுநாள் காலை திண்டிவனம் போனோம். சொல்தா முன் சீட்டில் உட்கார்ந்தார். முள்ளைப் பார்க்கும் வேலையை அவர் கேட்காமலே எடுத்துக்கொண்டதால் எனக்குப் பின் சீட்டு. தண்ணீர் பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முள் பாதிக்கு வந்து நின்றது. திண்டிவனத்தில் டீக்கடை முன் நிறுத்தியபோதும் நண்பன் இன்ஜினை அணைக்கவில்லை, இறங்கவும் இல்லை. டீயைக் காருக்குள் வாங்கிக் குடித்தான். திரும்பும் வழியிலும் முள் அசையவில்லை. பாட்டில்களில் ஒன்றை நானே குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து முதல் வேன் கொட்டகை வாசலுக்கு வந்தது. இறங்கி வந்த சொல்தா, வண்டி கொஞ்சம் சூடாகிறது என்றார். உன் வேலையில் பாதியை நானே முடித்துவிட்டேன், தெர்மோஸ்டாட்டைப் போன வருஷமே கழற்றிப் போட்டாகிவிட்டது என்றார்.

நண்பன் என்னைப் பார்த்தான். பிறகு மரியாதையாகக் கேட்டான்: "எங்கங்க போட்டீங்க?"

அவருக்கு நினைவில்லை. அவன் பேனட்டைத் திறந்து, முதலில் ரேடியேட்டரின் அடிப்பக்கத்தில் கை வைத்தான்.