கழுவாமல் விட்ட கண்டிஷனர்

இன்று ஈப்போவில் ஒரு கடையில், வறண்ட முடிக்கு லேசான, விலை குறைந்த ஷாம்பு கேட்டேன். விற்கும் பெண் ஒரு கண்டிஷனரையும் சேர்த்து நீட்டினாள்.

எண்பதுகளில் நான் வாங்கிய முதல் கண்டிஷனர் ஞாபகம் வந்தது.

அப்போது நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்திலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போவேன். பழைய ஷாம்பு முடியை வைக்கோலாக்கியிருந்தது. அதை விட்டுவிட்டு லேசான ஷாம்புவும் மலிவான கண்டிஷனரும் வாங்கினேன்.

ஷாம்பு போட்டுக் குளித்தேன். கண்டிஷனரைத் தேங்காய் எண்ணெய் மாதிரி உள்ளங்கை நிறைய எடுத்து, உச்சி முதல் நுனி வரை தேய்த்து, இழுத்துப் பின்னிக்கொண்டு பஸ் ஏறினேன்.

செம்மண் ரோடு. எனக்கு ஜன்னல் சீட்டு.

சிம்பாங் பூலாய் வருவதற்குள் புழுதி ஒட்டிப் பின்னல் சிவந்துவிட்டது. பக்கத்து சீட்டு லட்சுமி அக்கா தொட்டுப் பார்த்தார்.

“என்னாடி இது, பிசுபிசுன்னு?”

“கண்டிஷனர்க்கா.”

“அத கழுவணும்லா!”

பஸ்ஸே சிரித்தது. அன்று முழுக்கப் பின்னலைத் தொப்பிக்குள் செருகியே வேலை பார்த்தேன்.

அதனால் இன்று உஷாராகக் கேட்டேன்: “எத்தன நிமிஷம் வச்சு கழுவணும்?”

“கழுவவே கூடாது ஆண்ட்டி. அப்படியே விட்டுரணும்லா. இப்ப இதுதான் புதுசு.”

லட்சுமி அக்காவைத் தெரிந்தவர்கள் இங்கே டேக் செய்யுங்கள். அன்றைய சிரிப்பை அவர் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.