வளையக்காரி

தபால் பிரிக்கும் அலுவலகத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலி. எதிரே அறுபத்து நான்கு அறைகள் கொண்ட அலமாரி. விலாசத்தைப் பார்ப்பாள், அலமாரியைப் பார்க்க மாட்டாள். வலது கை எறியும். கடிதம் தன் அறையில் போய் உட்காரும்.

நகரத்தில் எந்தப் பேட்டையில் தெருவை அடைத்து விழா நடத்தினாலும் ஞாயிற்றுக்கிழமை அங்கே இருப்பாள். ராட்டினத்தில் ஒரு சுற்று, பஞ்சுமிட்டாயில் ஒரு கடி, பிறகு நேராக வளையம் எறியும் கடை. பத்து வளையம் வாங்கினால் பத்தும் விழும். வீட்டில் பதினேழு சோப்புப் பெட்டிகள், ஒன்பது சுவர்க் கடிகாரங்கள். ஒன்பதும் ஒன்பது நேரம் காட்டுகின்றன என்பது கணவரின் புகார்.

இந்த வருடம் கடைக்காரர்கள் உஷாராகிவிட்டார்கள். அவள் தெருமுனையில் தெரிந்ததுமே வளையங்கள் சாக்குக்குள் போய்விடும். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டும் போய்ப் பார்த்தாள். முதல் வளையம் விழுந்த அழகிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்று மாதமாக ஒன்றுகூட எறியவில்லை. கை துறுதுறுத்தது.

அன்றைக்கு நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு போனாள். மீசைக்காரக் கடைக்காரர் கும்பிட்டார்.

“அக்கா, புண்ணியமா போகும். வேற கடைக்குப் போங்க.”

“எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. நான் எங்கதான் போறது? பரிசே வேணாம்பா. சும்மா எறியறேன்.”

“விழுந்தும் குடுக்காம ஏமாத்தறான்னு ஜனம் என்னைத்தானே அடிக்கும்?”

“வாங்க அண்ணி,” என்றாள் நாத்தனார். “ராட்டினத்துல ஏறி வாந்தியாவது எடுப்போம்.”

அவள் நகரவில்லை. கடைக்காரர் மீசையைத் தடவினார்.

“இடது கையால எறியறீங்களா?”

அவள் தன் இடது கையைப் பார்த்தாள். இத்தனை வருடமும் கடிதக் கட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்த கை.

“குடு.”

முதல் வளையம் மேசையையே தாண்டிப் போனது. இரண்டாவது சர விளக்கில் தொங்கியது. மூன்றாவது, பக்கத்துக் கடையில் ஒரு கண்ணை மூடிப் பலூனுக்குக் குறி பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரரின் தொப்பியில் மோதியது. துப்பாக்கி வெடித்தது. பலூனும் வெடித்தது.

“யாரு அது?”

“நான்தான் சார். ஆனா பலூன் உடைஞ்சிடுச்சே, பாருங்க!”

போலீஸ்காரர் பலூனைப் பார்த்தார். கோபத்தை மறந்து பரிசைக் கேட்கத் திரும்பினார்.

நாத்தனார் சிரிப்புத் தாங்காமல் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அண்ணி, நாளைக்கு இந்தக் கையால கடுதாசி போட்டீங்கன்னா ஊர்ல பாதிக் கல்யாணம் நின்னுடும்!”

அவளுக்கும் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. எங்கே விழும் என்று தெரியாமல் ஒன்றை எறிவது இதுதான் முதல் தடவை. கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு வளையத்துக்கும் மொத்தமாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டது, பிறகு கை தட்டியது.

பத்தாவது வளையம் கம்பத்தில் பட்டு எகிறி ஒரு கண்ணாடிக் கூஜாவைச் சுற்றிப் படுத்தது. கடைக்காரர் கூஜாவை எடுத்து நீட்டினார்.

“நான் குறி வச்சது பொம்மைக்கு. இதை எப்படி வாங்கறது?”

“விழுந்தா விழுந்ததுதான் அக்கா.”

“அதை அங்கேயே வை. இன்னும் பத்து குடு.”

கடைக்காரர் வளையங்களைக் கொடுத்துவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.