கடல் தாண்டாத பேர்

மன்னார்புரத்துக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் இருபது வருஷம் பதிவேடு எழுதியவள் நான், செல்வமேரி. எனக்கு வாய் நீளம் என்பார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் பிள்ளைகள் தத்துப் போய் பெல்ஜியம், ஹாலந்து என்று பிளேன் ஏறும். பெற்றவளின் பேரும் ஊரும் மட்டும் கூடப் போகக்கூடாது. அது இல்லத்தின் சட்டம். விலக்கு இரண்டே இரண்டு: பிள்ளையின் உயிருக்கு ஆபத்தென்றால் குடும்பத்து நோய் விவரம் போகலாம். பெற்றவளே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் பேரும் போகலாம்.

பவுனம்மாள் உறையூரில் சுருட்டு சுற்றுகிறவள். எழுபத்தாறில், ஆடிப்பெருக்கன்று பெற்ற பெண்ணை, கட்டிக்கிறேன் என்றவன் கைவிட்டதால் எங்களிடம் விட்டுப் போனாள். அதற்கப்புறம் வருஷா வருஷம் ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துக் காவிரியில் முழுகிவிட்டு, ஈரத் தலையோடு டவுன் பஸ் பிடித்து வந்து இல்லத்து கேட் அருகே நிற்பாள்.

"எம்புள்ள நல்லாருக்காளா டீச்சர்?"

நான் டீச்சரே இல்லை, சொன்னாலும் கேட்கமாட்டாள். "நல்லாருக்கா, போயிட்டு வாங்க" என்று விரட்டுவேன். அப்புறம் நான் உள்ளே போய், பதிவேட்டில் அவள் பிள்ளையின் பக்கத்தை எடுத்துப் பார்ப்பேன்.

எண்பத்து நாலில், அவள் பிள்ளை தத்துப் போயிருந்த பெல்ஜியத்திலிருந்து ஒரு டாக்டரின் கடிதம் வந்தது. பிள்ளைக்கு அடிக்கடி ரத்தம் குறைகிறது, குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டிருந்தார். கூடவே அந்தப் பெண்ணின் கேள்வி ஒன்று: என் அம்மா பேர் என்ன?

அன்றைக்கே உறையூர் போனேன். சுருட்டுக் கம்பெனி வாசலில், பதிவேட்டில் அவள் பேராக இருந்த லூர்து மேரியைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாருமில்லை என்றார்கள். என் குரல் கேட்டு அவளே ஓடி வந்தாள்.

கடித விஷயத்தைச் சொன்னேன். அவள் தம்பிக்கும் அதே நோய்தானாம். அவனுடைய ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிள்ளை அம்மா பேரைக் கேட்கிறாள் என்றதும் அழுதுவிட்டாள்.

"பவுனம்மாள்னு எழுதுங்க டீச்சர்!"

"பதிவேட்டுல லூர்து மேரின்னுல்ல இருக்கு?"

"கிறிஸ்தவப் பேரு சொன்னாத்தான் புள்ளைய எடுத்துக்குவீங்கன்னு நெனச்சேன். பெத்த ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரி பேரைச் சொல்லிட்டேன்."

அடிப்பாவி! மதம் பார்த்தா பிள்ளையை எடுத்தோம்? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இல்லத்தை நடத்தும் மதரிடம் போய் மன்றாடினேன். "கோர்ட் காகிதமெல்லாம் லூர்து மேரி பேர்ல இருக்கு. அந்தப் பேர்ல சம்மதிச்சாத்தான் விலக்கு. வேற பேரை அனுப்ப முடியாது" என்றார். நியாயம்தான். அந்த நியாயத்தைக் காவிரியில் தூக்கிப் போடலாம் போலிருந்தது.

"லூர்து மேரின்னு கையெழுத்துப் போடுறீங்களா, இல்ல பேரே வேணாமா?" என்று பவுனம்மாளைக் கேட்டேன்.

சம்மதக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். "பேரே இல்லாத அம்மாவா இருக்கறதுக்கு, அடுத்தவ பேர்லயாவது இருந்துட்டுப் போறேன்" என்று ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கேட்டுப் போட்டாள்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் பதில் வந்தது. பிள்ளை தேறிவிட்டாள். அவளே எழுதியிருந்தாள்: "அம்மா பேர் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. என் பேரோடு சேர்த்துக்கொண்டேன். ஸ்கூலில் இப்போது எல்லோரும் என்னை லூர்து என்றுதான் கூப்பிடுகிறார்கள்."

பவுனம்மாளுக்குத் தமிழில் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாராவது அப்படிக் கூப்பிடறப்ப, எம்புள்ள என்னைத்தான டீச்சர் நெனைக்கும்?"

"உங்களைத்தான்" என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.