அண்ணன் துடைத்துப் பார்த்த கல்

பல்செட் செய்கிறவனிடம் உண்மை பேசுகிறவர்கள் குறைவு. "தினமும் கழற்றிக் கழுவுறேன்" என்பார்கள். செட்டைத் திருப்பிப் பார்த்தால் வெற்றிலைக் கறை படிந்து கிடக்கும். "தானா உடைஞ்சுபோச்சு" என்பார்கள். அதில் பாக்குவெட்டியின் தடம் இருக்கும். போடியில் சில பல் டாக்டர்களுக்கு நான்தான் செட் செய்து கொடுக்கிறேன். யார் என்ன சொன்னாலும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்பது அதனால் பழகிவிட்டது. தொழிலால் வந்த குணமில்லை, குடும்பத்து ரத்தம் என்பாள் என் மனைவி. என் அண்ணனை வைத்துச் சொல்கிறாள்.

அண்ணன் ஏலக்காய் வியாபாரி. யார் காய் கொண்டுவந்தாலும், தோள் துண்டின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, நாலு காயை அதில் வைத்துத் தேய்ப்பார். துண்டில் பச்சை ஒட்டினால் அது சாயம் ஏற்றிய காய். அதற்கப்புறம் கொண்டுவந்தவர் சொந்தச் சம்பந்தியாக இருந்தாலும் அவருக்குக் காபி கூடக் கிடைக்காது. அந்தத் துண்டை நம்புகிற அளவுக்கு அவர் மனிதர்களை நம்பியதில்லை. என்னை மட்டும் நம்பினார் என்றுதான் நினைத்திருந்தேன்.

போடிமெட்டுக்குப் போகிற சரிவில் அப்பா விட்டுப்போன ஏலத்தோட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. பங்கு பிரிக்கவில்லை. அண்ணன்தான் பாடுபடுகிறார், எனக்கு வரவேண்டியது கேட்காமலே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய ஜீப் என் வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். ஒரே ஊரில் இருந்தும் வாரம் முழுக்க நாங்கள் பார்த்துக்கொள்வது அபூர்வம். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதுதான் பேசுவோம். பெரும்பாலும் பிறரைக் குறை சொல்லிக்கொண்டு போவோம். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மிகவும் பிடிக்கும். எனக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான்.

தோட்டத்தில் அவர் செடிகளைப் பார்க்கிற நேரத்தில் எனக்கு வேலை இருக்காது. மேலே ஓடையில் காலை நனைத்துக்கொண்டு கல் பொறுக்குவேன். கறுப்புக் கல்லில் சிவப்புப் புள்ளிகள் தெளித்த மாதிரி ஒரு வகை அங்கே கிடக்கும். தண்ணீருக்குள் இருக்கும்போது அழகு. வீட்டுக்குக் கொண்டுவந்து காய்ந்ததும் வெறும் சரளைக்கல். அந்த ஈரத்து அழகை அப்படியே நிறுத்திவைக்க முடியாதா என்ற ஆசைதான் என்னை இந்தப் பொழுதுபோக்கில் இழுத்துவிட்டது.

பல்செட்டை மெருகேற்றுகிற மோட்டார் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. மிச்சத்தைப் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். கல்லை வைரத்தூள் பதித்த வட்டில் வைத்துப் பலகையாக அறுக்க வேண்டும். மேலே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூசி நெஞ்சுக்குள் போய்விடும். பலகையில் முட்டை வடிவம் வரைந்து, ஓரம் சீவி, அரக்கை உருக்கி ஒரு குச்சியின் நுனியில் ஒட்டிக்கொண்டால் பிடி கிடைத்துவிடும். பிறகு சொரசொரப்பான சக்கரத்திலிருந்து நைசான சக்கரம் வரை ஒவ்வொன்றாகத் தேய்க்கவேண்டியதுதான். அடி தட்டை, மேல் பக்கம் குவிவு. இந்த வடிவத்தைக் கபோஷான் என்கிறார்கள். கடைசியில் ஒரு பச்சைப் பவுடரைத் தண்ணீரில் குழைத்து, தோல் ஒட்டிய சக்கரத்தில் தடவி மெருகு கொடுத்தால் கல் என்றென்றைக்கும் ஈரமாகவே தெரியும். முதல் கல் அப்படி வந்தபோது நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இத்தனை வருஷம் பிறத்தியார் வாய்க்குள் போகிற சாமானுக்கே மெருகு போட்டவன், முதல் முறையாக எனக்கென்று ஒன்று செய்திருந்தேன்.

அதில் ஒன்றை வெள்ளியில் பதக்கமாகக் கட்டி மனைவிக்குக் கொடுத்தேன். சிலமலையில் ஒரு காதுகுத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். வந்தது வினை. பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த எங்கள் அத்தை மகன், "என்ன மதினி, மாணிக்கமா?" என்றான்.

"சும்மா ஓடைக்கல்லு. நம்ம தோட்டத்துல கெடந்தது" என்றாள் அவள்.

"தோட்டத்துலயா?" என்று அவன் இழுத்த இழுப்பில் பக்கத்து இலைகளில் எல்லாம் கை நின்றது. அண்ணனும் அதே வரிசையில்தான் இருந்தார். ரசம் ஊற்ற வந்தவரை வேண்டாம் என்று கையால் தடுத்தார். ரசம் இல்லாமல் அவர் சாப்பிட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு ஜீப் வந்தது. ஆனால் தோட்டத்தில் நான் ஓடைப் பக்கம் திரும்பியதும் காவல்காரர் பின்னாலேயே வந்தார். "என்ன சோலி உனக்கு இங்க?" என்றேன். "முதலாளி கூட நடக்கச் சொன்னாரு சாரே. ஆனை நடமாட்டம் உண்டு" என்றார். அந்த ஓடையில் யானைத் தடத்தை நான் பார்த்ததில்லை. திரும்பும்போது என் பையை ஜீப்பின் பின்னால் போட அண்ணனே வாங்கினார். வாங்கி, கையிலேயே கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சுருக்கென்றது. வளைவுகளில் இருவரும் யாரையும் குறை சொல்லவில்லை.

பிறகு ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். பல்செட் வேண்டும் என்றார். வாயைத் திறக்கச் சொன்னேன். எல்லாப் பல்லும் குத்துக்கல் மாதிரி நின்றது.

"யாருக்குங்க செட்டு?"

"அப்பாவுக்கு. சும்மா விசாரிச்சுட்டுப் போகலாம்னு." கண் முழுக்க ஜன்னலில் காய வைத்திருந்த என் கற்களின் மேல் இருந்தது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சட்டைப்பையிலிருந்து அவர் உருவிய பூதக்கண்ணாடி நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது. யார் அனுப்பியது என்று நான் கேட்கவில்லை. அவர் வந்த மோட்டார் சைக்கிளை அண்ணன் கடை வாசலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஒரு கீழ்த்தாடை செட்டையே கோணலாக முடித்துவிட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு ஹாரன் சத்தம் கேட்கவில்லை. வாசலில் நின்று பார்த்தேன். ஜீப் தெருமுனையோடு திரும்பிப் போய்விட்டது. பல் துலக்கிய கையோடு உள்ளே வந்து உட்கார்ந்தேன். "நீங்களே போய்ப் பேசுங்க" என்றாள் மனைவி. போனேன்.

"அண்ணே, நீங்களே வந்து பாருங்க. நீங்களே ஒரு கல்லு எடுத்துக் குடுங்க. தோட்டத்துக் கல்லு வேண்டாம், எந்தக் கல்லா இருந்தாலும் சரி. அது எப்பிடி மாறுதுன்னு கண்ணால பாத்தாத் தெரியும்."

வந்தார். என் பட்டறைக்கு எதிரே வீடு கட்ட ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். அதைக் கிளறி, அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். மேலே கிடந்ததை நான் போட்டு வைத்திருப்பேன் என்று நினைத்திருக்க வேண்டும். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சீட்டாட்டத்தில் எதிராளியின் கையைப் பார்ப்பதுபோல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அறுத்தேன், சீவினேன், அரக்கில் ஒட்டினேன், தேய்த்தேன். ஒவ்வொரு சக்கரம் மாற்றும்போதும் கல்லை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். நடுவில் டீ வந்தது. ஆறிப்போனதைக் கூடக் கவனிக்காமல் குடித்தார். கல் கறுகறுவென்று, நடுவில் ஒரு வெள்ளைக் கீற்றோடு பளபளத்தபோது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. எனக்கு உயிர் வந்தது.

"சாதா ஜல்லிதானேடா இது" என்றார்.

"அதைத்தானே அண்ணே சொல்றேன். அந்த ஓடைக்கல்லும் இப்பிடித்தான்."

தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே, ஏதோ நினைத்துச் செய்ததுபோல் கூட இல்லை, கை தன் பழக்கத்தில் தோள் துண்டின் நுனியை எடுத்துத் தண்ணீரில் நனைத்தது. கல்லை அதில் வைத்துத் தேய்த்தார்.

துண்டில் பச்சை.

கல்லில் நுண்ணிய கீறல்கள் இருந்தால் மெருகுப் பவுடர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பல் பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் வரும். நான் அவசரத்தில் கழுவவில்லை. அதையெல்லாம் சொன்னேன். பவுடர் டப்பாவைத் திறந்து காட்டினேன். என் விரலிலும் அதே பச்சை இருந்ததைக் காட்டினேன். அண்ணன் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயம் ஏத்துறவனை எனக்குத் தெரியும்டா தம்பி" என்றார் கடைசியில். "மட்டமானதை ஒசத்தியாக் காட்ட ஏத்துவான். நீ ஒசத்தியானதை மட்டமாக் காட்ட ஏத்துற. எனக்குக் காட்ட ஒரு ஜல்லி. உள்ள வச்சிருக்கிறது வேற."

"எதிர்க்குவியல்ல இருந்து நீங்கதானே எடுத்தீங்க!" என்று கத்தினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்தப் பூமியிலேயே ஏலக்காய்க்காரன் மட்டும்தான் கல்லைத் துடைத்துப் பார்த்து ஒருவனைத் திருடன் என்று முடிவு செய்வான். சொல்லிச் சிரிக்க வேண்டிய விஷயம். நான் அந்தக் கல்லை எடுத்துப் பல் பிரஷ் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நாளில் ஆள் விட்டுச் சொன்னார், தோட்டத்தைப் பிரித்துவிடலாம் என்று. எங்கள் வீட்டில் மூத்தவர் பங்கு வைப்பார், இளையவர் முதலில் எடுப்பார். வைக்கிறவர் கள்ளம் செய்யக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம். அண்ணன் வைத்த பங்கைக் கேட்டதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீழ்ப் பங்கில் காய் உலர்த்துகிற ஸ்டோர், ஜீப் பாதை, அவர் வளர்த்து ஆளாக்கிய செடிகள் எல்லாம். மேல் பங்கில் பாறை, பன்றி கிளறிய சரிவு, அப்புறம் ஓடை. சின்னக் குழந்தையைக் கேட்டாலும் கீழ்ப் பங்கைத்தான் காட்டும்.

"ஓடையை அவரு எடுத்துக்கப் பாக்குறாரு" என்றேன் மனைவியிடம். "நான் ஆசைப்பட்டுக் கீழே எடுப்பேன், மிச்சம் தனக்கு வரும்னு கணக்கு."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அவரு உங்களைச் சோதிக்கிறாருங்க. மேல் பங்கை எடுத்தா, அங்க ஏதோ இருக்குன்னு அர்த்தம். கீழ எடுத்தா, நீங்க சொன்னது நெசம். தம்பி நெசமானவன்தானான்னு தெரிஞ்சுக்க, தன் செடியவே பந்தயம் வச்சிருக்காரு."

அப்படிப் பார்த்தால் அவர் என்னை நம்ப ஆசைப்படுகிறார் என்றுதானே அர்த்தம்? "கீழ்ப் பங்கைக் கேளுங்க. கேட்டுட்டு, அண்ணே நீங்களே பாத்துக்குங்கன்னு அவருகிட்டயே விட்டுருங்க" என்றாள். சரி என்று பட்டது. அப்படியே சொல்வது என்று முடிவு செய்துகொண்டு மலையேறும் தொழிலாளர் ஜீப்பில் இடம் பிடித்துப் போனேன்.

அண்ணன் ஸ்டோருக்குப் பக்கத்தில் செடிகளுக்கு நடுவே நின்றிருந்தார். மெலிந்திருந்தார். "சாப்பிட்டியா?" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. "ஆச்சுண்ணே" என்றேன்.

"எதுன்னு சொல்லு."

சொல்ல வேண்டியது நாக்கில் தயாராக இருந்தது. அவர் என் வாயைப் பார்க்கப் பிடிக்காமலோ என்னவோ குனிந்தார். தரையோடு படர்ந்து, மழைக்குச் சேற்றில் புதைந்து கிடந்த ஒரு காய்ச்சரத்தைத் தூக்கினார். அதிலிருந்த பிஞ்சுகளை விரலால் மெல்லத் துடைத்தார். சரத்தைத் தண்டின் மேல் சாய்த்து வைத்தார். பதிலுக்குக் காத்திருக்கிற நேரத்திலும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துச் செடியின் காய் எங்கள் பக்கம் உதிர்ந்தால் பொறுக்கி வரப்புக்கு அந்தப் பக்கம் போடுகிறவர் அவர். இன்னொருவர் பங்கு என்று ஆகிவிட்டால் இந்தச் செடியை அவர் திரும்பத் தொடவே மாட்டார். அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று நானும் என் மனைவியும் பேசியதெல்லாம் வெறும் பேச்சு. இந்த மனிதரை இங்கிருந்து வெளியேற்றிவிட்டு, நம்பிக்கையை வாங்கி நான் என்ன செய்வது?

"மேல் பங்கு, அண்ணே" என்றேன்.

சரத்தின் மேலிருந்த கை நின்றது.

"ஓடையா?"

"ஆமா."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கோபம் இல்லை.

"அப்ப இருக்கு" என்றார்.

இல்லையண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். இல்லையென்றால் பிறகு எதற்காக அதைக் கேட்டாய் என்பார். உங்கள் கையைப் பார்த்ததால் கேட்டேன் என்று அண்ணனிடம் எப்படிச் சொல்வது? அந்த மாதிரிப் பேச்சு எங்களுக்குள் எப்போதும் இருந்ததில்லை. பேசாமல் நின்றேன். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.